ஆடாதவர்களின் கூடைகள்

கோடைதோறும் வற்றிப்போகும் ஓர் ஏரியின் கீழ்க்கரையில் வடிவு என்றொரு கீரி இருந்தாள். அந்தக் கரையின் பந்தாட்ட அணியைக் கட்டி நடத்துவது அவள் வேலை.

கோடை வந்தால் ஏரி காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். நடுவில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். அப்போது கீழ்க்கரை விலங்குகளும் மேல்கரை விலங்குகளும் அந்தத் தரையில் வளைகோல் பந்தாட்டம் ஆடும். காய்ந்த விளாங்காய்தான் பந்து. இரு பக்கமும் இரண்டிரண்டு புற்றுகள் உண்டு. புற்றுகளுக்கு நடுவே இருக்கும் சந்துதான் வாசல். எதிராளியின் வாசலுக்குள் பந்தை அதிகம் தள்ளிய அணி ஜெயித்தது என்று பொருள்.

ஜெயித்த கரைக்கு ஒரு பெரிய உரிமை கிடைக்கும். கோடை முழுக்க அவர்கள்தான் விடியலில் முதலில் மடுவில் இறங்கலாம். தோற்றவர்களுக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேற்றுத் தண்ணீர்தான். அதனால் அதை வெறும் விளையாட்டு என்று யாரும் நினைப்பதில்லை.

ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிப்பதற்காக இரண்டு கரைகளும் பழங்களை வாரி இறைத்தன. ஒரு வருஷம் குட்டிகளுக்குத் தின்ன எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்துக் காட்டின் தலைவியான யானை ஒரு சட்டம் போட்டாள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு வாரத்துக்கு முப்பது கூடைப் பழம்தான் கொடுக்கலாம். ஒரு கூடை கூடினாலும் அந்த அணி ஆட முடியாது.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். ஒருவரை இத்தனை கோடைக்கு என்று பேசி வைத்துக்கொண்டால் அத்தனை கோடையும் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் அனுப்பினால், மிச்சமிருக்கும் காலத்தைப்போல இரண்டு மடங்கு காலத்துக்கு அவருக்குப் பாதிப் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கும் முப்பது கூடைக்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அவர்களின் பங்கையும் பிரித்துக் கொடுக்கலாம். இதையெல்லாம் சரிபார்க்கிற பொறுப்பு மடுவோரத்து நாரைக்கு.

வடிவு வேலைக்கு வந்த முதல் கோடையிலேயே சேந்தன் என்ற இரலைமான் அவள் கண்ணில் பட்டான். அவன் ஓடினால் புழுதி கூடப் பின்தங்கித்தான் வரும்.

"எட்டுக் கூடை வேணும். அஞ்சு கோடைக்கு" என்றான் சேந்தன்.

வடிவிடம் ஐந்து கூடைக்குத்தான் இடம் இருந்தது. வாசலுக்கு முன்னால் தடுத்து ஆடும் மலையப்பன் என்ற காட்டெருமைக்கு ஆறு கூடை போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு இன்னும் இரண்டு கோடை பாக்கி. முன்னைப்போல அவனால் திரும்ப முடியவில்லை. அவனை அனுப்பினால் மூன்று கூடை மிஞ்சும். சேந்தனுக்கு எட்டு சரியாகிவிடும். மலையப்பனுக்கு நான்கு கோடைக்கு மூன்று மூன்று கூடையாகக் கொடுத்தால் போயிற்று.

'நாலு கோடை எங்கேயோ இருக்கிறது. ஆட்டம் இந்த வாரம்' என்று நினைத்தாள் வடிவு.

மலையப்பன் மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு மைனா வந்து அவன் முதுகில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பறந்தது. வடிவு போகவில்லை. அவளுக்கு நிறைய வேலை இருந்தது.

அந்தக் கோடையில் கீழ்க்கரை ஜெயித்தது. குட்டிகள் எல்லாம் தெளிந்த தண்ணீர் குடித்தன. வடிவை எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள்.

அந்த வருஷமே மேல்கரைக்காரர்கள் அங்காயி என்ற கரடிக்கு ஆசை காட்டினார்கள். அங்காயி வாசல் காப்பவள். அவள் நின்றால் இரண்டு புற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாது. கீழ்க்கரையில் நான்கு கூடைக்கு அவளைப் பேசி வைத்திருந்த காலம் அந்த வருஷத்தோடு முடிந்தது. அங்கே ஐந்து தருவதாகச் சொன்னார்கள்.

வடிவு அவளிடம் ஓடினாள். "அஞ்சு கொடுக்க என்கிட்ட இல்லக்கா. ஆனா ஒரு வாக்குத் தரேன். உன்னைக் கேக்காம உன்னை எங்கேயும் மாத்த மாட்டேன்."

அங்காயி யோசித்துவிட்டு, "அது போதும்" என்றாள். நாரைதான் அந்த வாக்குக்குச் சாட்சி.

இரண்டாவது கோடையில் வேகமான நரி ஒருவன் கிடைத்தான். அவனுக்கு நான்கு கூடை. இடம் வேண்டுமே? ஒரு காட்டுப்பன்றியையும் இரண்டு மந்திகளையும் பாதிப் பங்கோடு வடிவு அனுப்பினாள். இந்த முறையும் மைனாதான் போயிற்று. அந்த வருஷமும் ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். ஆனால் வாராவாரம் ஏழு கூடைப் பழம் கீழ்க்கரைக்காக மைதானத்தை மிதிக்காதவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடை சுமக்கிற முயல்கள் மட்டும் அதைக் கவனித்தன.

மூன்றாவது கோடைக்கு முன்னால் மழை பொய்த்தது. நாவல் மரங்களில் இலைதான் இருந்தது, காய் இல்லை. ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யானைத் தலைவி இரண்டு கரைகளையும் கூட்டிச் சொன்னாள்.

"இந்த வருஷம் முப்பது கிடையாது. இருபத்தாறுதான். ஆட்டத்துக்கு முந்தின நாள், பொழுது சாயும்போது நாரை வந்து கூடைகளைப் பார்ப்பார். கூடுதலா இருக்கிற அணி ஆட வேண்டாம். தண்ணியில முதல் உரிமை மத்த கரைக்கு."

வடிவு கணக்குப் போட்டாள். அவளுடைய முப்பதில் ஏழு ஆடாதவர்களுக்கு. எட்டு சேந்தனுக்கு. அங்காயிக்கு நான்கு, நரிக்கு நான்கு, மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஏழு. நான்கு கூடையைக் குறைத்தாக வேண்டும்.

மேல்கரை அணியை நடத்துகிறவன் சடையன் என்ற முள்ளம்பன்றி. யாரிடமும் நீண்ட காலத்துக்குப் பேச மாட்டான். அதனால் சட்டம் மாறினபோதும் அவனிடம் நான்கு கூடைக்கு இடம் இருந்தது. வடிவு அவனிடம் நரியைக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்தாள். கூடைகளைப் பார்க்கிற அன்று மாற்றிக்கொள்ளலாம் என்று சடையனும் சரி சொன்னான். வடிவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கூடைகளைப் பார்க்கிற நாள் காலையில் நரி பயிற்சி எடுக்கும்போது பொந்தில் கால் மாட்டி விழுந்தான். எழுந்து நிற்க முடியவில்லை.

செய்தி சடையனுக்கும் போய்விட்டது. மதியம் அவனே மடுவோரம் வந்து நின்றான்.

"நொண்டுற நரியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது வடிவம்மா?"

"கொஞ்ச நாள்ல சரியாயிடும் அண்ணே."

"ஆட்டம் நாளைக்கு."

நரியைப் பாதிப் பங்கோடு அனுப்பினாலும் இரண்டு கூடைதான் குறையும்.

சடையன் முள்ளை ஒருமுறை சிலுப்பிக்கொண்டான். "ரெண்டு வழி சொல்றேன். அங்காயியைக் கொடு, நாலு கூடை குறைஞ்சுடும். இல்லைன்னா சேந்தனைக் கொடு. ஆனா எட்டும் என்னால ஆகாது. நாலு நான் கொடுக்கிறேன். மீதி நாலை நீ கொடுத்துக்கிட்டே இரு. அவனுக்கு இன்னும் மூணு கோடை இருக்கில்ல?"

"அவன் உனக்கு ஆடுவான். பழம் நான் கொடுக்கணுமா?"

"நீயா அவனை அனுப்பினா ஆறு கோடைக்குக் கொடுக்கணும். என்கிட்ட கொடுத்தா மூணோட முடிஞ்சுடும். உனக்கு நல்லதுதான் சொல்றேன்." சடையன் சூரியனைப் பார்த்தான். "பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடு."

வடிவு அதிகம் யோசிக்கவில்லை. வாசலில் வேறு யாரையாவது நிறுத்தலாம். சேந்தனைப்போல இன்னொருவன் கிடைக்க மாட்டான். அங்காயியை மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் அவளைக் கேட்டாக வேண்டும். நாரை சாட்சியாக இருந்த வாக்கு அது.

அங்காயி அன்று கரட்டுமலைக்கு அந்தப்பக்கம் கறையான் தோண்டப் போயிருந்தாள். வடிவு ஓடினாள். வெயிலில் பாறை சுட்டது. முள் குத்தியதை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை. மலையைத் தாண்டியபோது அவள் நிழல் அவளைவிட நீளமாகியிருந்தது.

அங்காயி மூக்கில் மண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வடிவு, மூச்சு இப்படி வாங்குது?"

"அக்கா, சடையன் உன்னைக் கேக்கிறான். அங்க உன்னை நல்லா வச்சுப்பாங்க. மரங்களும் அங்கதான் அதிகம்."

"சடையன் கேக்கிறது இருக்கட்டும். நீ என்ன கேக்கிற?"

வடிவு வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னாள். முப்பது இருபத்தாறானது, நரியின் கால், சடையன் சொன்ன இரண்டு வழி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அங்காயி மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். "மலையப்பனை அனுப்பினப்ப யாரு போய்ச் சொன்னா?"

"மைனா."

"பன்றிக்கு? மந்திகளுக்கு?"

"மைனாதான்."

"எனக்கு மட்டும் நீயே வந்திருக்கியே, ஏன்?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்கு இல்லைன்னா எனக்கும் மைனாதான் வந்திருக்கும்."

தூரத்தில் மைதானம் மஞ்சள் வெயிலில் பளபளத்தது. கூடைகளை முயல்கள் வரிசையாகக் கொண்டுவந்து வைப்பது சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது.

"நான் போகமாட்டேன்" என்றாள் அங்காயி. கோபமாகச் சொல்லவில்லை. "என் குட்டிங்க இந்தக் கரையில பிறந்தது. இந்தத் தண்ணிக்காகத்தான் நான் வாசல்ல நிக்கிறேன். நாளைக்கும் இங்கதான் நிப்பேன்."

வடிவு திரும்பி ஓடினாள். வழியில் மூங்கில் புதர் ஓரத்தில் மலையப்பன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனை நேருக்கு நேராகப் பார்க்கிறாள். அவள் கால்கள் தானாக நின்றுவிட்டன.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தக் கோடைக்கு மட்டும் உன் மூணு கூடையை விட்டுக்கொடுக்க முடியுமா? மந்திங்ககிட்ட ஒரு கூடை கேட்டு வாங்கிட்டா நான் தப்பிச்சுடுவேன்."

மலையப்பன் மெதுவாக அசைபோட்டான்.

"புல்லு இல்லாத வருஷம் இது வடிவு. அந்தப் பழத்தைத்தான் என் கன்னுங்க தின்னுது. எதை விட்டுக்கொடுக்கச் சொல்ற?"

"எனக்கு வேற வழி தெரியல அண்ணே."

"அந்தக் கூடையை நான் கேட்டு வாங்கல. நீயாத்தான் கொடுத்து அனுப்பின." அவன் கொம்பைத் தாழ்த்தி வழிவிட்டான். "ஆனா நேர்ல வந்து பேசினியே, அதுக்குச் சந்தோஷம். இப்பத்தான் முதல் தடவை."

வடிவு மைதானத்தை அடைந்தபோது சூரியன் மேல்கரை மரங்களின் உச்சியில் சிவந்து கிடந்தது. நாரை ஏற்கனவே வந்துவிட்டது. மேல்கரைக் கூடைகளைப் பார்த்து முடித்துவிட்டு, நீண்ட கால்களை எட்டிப்போட்டுக் கீழ்க்கரை வரிசையின் பக்கம் வந்துகொண்டிருந்தது. கீழ்க்கரை விலங்குகள் எல்லாம் கூடி நின்றன. தாய்மான்கள் குட்டிகளை ஒட்டி நின்றன.

"வடிவு, பார்க்கலாமா?" என்றது நாரை.

"கொஞ்சம் பொறுங்க."

"பொழுது யாருக்காகவும் பொறுக்காது."

முதல் கூடை. இரண்டாவது கூடை. நாரை ஒவ்வொன்றையும் அலகால் தொட்டுக்கொண்டு நடந்தது. வரிசையின் ஒரு முனையில் ஏழு கூடைகள் தனியே இருந்தன. அவற்றுக்குப் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை. முதல் தடவையாக வடிவு அந்த இடத்தை நன்றாகப் பார்த்தாள். ஏழு கூடையில் ஒரு நல்ல முன்னாட்டக்காரனைப் பிடிக்கலாம். ஒரு பின்வரிசையையே கட்டலாம். அது இந்த வருஷம் வந்த கஷ்டம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. முதல் கோடையிலிருந்தே அவள் அதை வாங்கிச் சேர்த்துவிட்டாள்.

நாரை இருபதைத் தாண்டியது.

வடிவு சடையனைத் தேடினாள். அவன் தன் வரிசையின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேந்தனை எடுத்துக்கோ" என்றாள்.

"பாதி உன்னுது."

"பாதி என்னுது."

முயல்கள் ஓடிவந்து சேந்தனின் எட்டில் நான்கு கூடையைத் தூக்கிக்கொண்டு போயின. நாரை கடைசிக் கூடையைத் தொட்டபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது.

"இருபத்தாறு. சரி" என்றது நாரை.

கூட்டத்திலிருந்து பெருமூச்சுகள் வந்தன. சேந்தன் மட்டும் அசையாமல் நின்றான். வடிவு அவனிடம் நடந்துபோனாள்.

"உன்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"பொழுது சாயறப்ப நான் இந்தக் கரை. பொழுது விடியறப்ப அந்தக் கரை" என்றான் சேந்தன். "உங்க பழமும் எனக்கு வரும், அவங்க பழமும் வரும். ஆனா ஓடறப்ப நான் பாதிப் பாதியா ஓட முடியாது அக்கா. முழுசா அவங்களுக்குத்தான் ஓடுவேன்."

"தெரியும்" என்றாள் வடிவு.

மறுநாள் காலை ஆட்டம் தொடங்கியது. கீழ்க்கரையில் சேந்தன் இல்லை, நரி ஓரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் சின்னப் பங்கு வாங்குகிறவர்கள். முன்னால் போய்த் தாக்க ஆளில்லாமல் தங்கள் வாசலுக்கு முன்னாலேயே கூட்டமாக நின்று தடுத்தார்கள். தடுக்கத் தெரிந்த மலையப்பன் அங்கே இல்லை.

அங்காயி இருந்தாள். சேந்தன் வலது பக்கமாக வந்து அடித்தான், மார்பில் வாங்கினாள். இடது பக்கமாக வந்தான், காலால் தட்டிவிட்டாள். மூன்று பேர் சேர்ந்து நெருக்கியபோது பந்தின்மேல் படுத்துக்கொண்டாள். வெயில் ஏற ஏற அவள் முகத்தில் ரத்தமும் புழுதியும் ஒன்றாகக் காய்ந்தன. யாருக்கும் புள்ளி இல்லை. இப்படியே முடிந்தால் இரண்டு கரைகளும் ஒருநாள் விட்டு ஒருநாள் முதலில் இறங்கலாம். வடிவு கோட்டோரம் நின்று நாரை எப்போது இறக்கையை உயர்த்தி ஆட்டத்தை முடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாரை இறக்கையை விரிக்கத் தொடங்கிய நேரம். நடு மைதானத்தில் சேந்தனுக்குப் பந்து கிடைத்தது. ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். வாசலுக்கு முன்னால் அங்காயி கைகளை விரித்து நின்றாள். அவள் வலது பக்கம் சாய்ந்து தடுப்பவள் என்பது இரண்டு கோடை அவளோடு ஆடியவனுக்குத் தெரியாதா? வலது பக்கம் அடிப்பதுபோலக் கோலை ஓங்கிவிட்டு இடது பக்கம் மெல்லத் தள்ளினான். விளாங்காய் உருண்டு வாசலைத் தாண்டிப் போனது.

கீழ்க்கரையின் நான்கு கூடைப் பழத்தைத் தின்கிற கால்கள்தான் கீழ்க்கரையைத் தோற்கடித்தன.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் சேற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். வடிவு எல்லோரும் குடித்த பிறகு கடைசியில் இறங்கினாள். அவளிடம் யாரும் சண்டை போடவில்லை. குட்டிகள் இருமும்போது தாய்கள் அவள் பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

கோடை முடியும்போது கீழ்க்கரை மயில் ஒரு யோசனையோடு வந்தது. "நரிக்கு இன்னும் கால் சரியாகல. பாதிப் பங்கோட அனுப்பிடு. ரெண்டு கூடை மிஞ்சும். ஒரு நல்ல ஆளைப் பிடிக்கலாம். அடுத்த வருஷம் ஜெயிச்சுடுவோம்."

"வேண்டாம்" என்றாள் வடிவு.

"அப்ப அடுத்த வருஷமும் தோப்போம்."

"தோப்போம். அதுக்கடுத்த வருஷமும் தோத்தாலும் தோப்போம். சேந்தனோட நாலு கூடை தீர்ற வரைக்கும் நமக்கு இதுதான். நான் செஞ்ச வேலை, நானே சுமந்து தீர்க்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் நரியைப் பார்க்கப் போனாள். மைனாவை அனுப்பவில்லை. "உன்னை அனுப்ப மாட்டேன். கால் ஆறட்டும்" என்று நேரிலேயே சொன்னாள். நரி அவளை நம்பாமல் பார்த்தான். பிறகு மெதுவாகக் காலை ஊன்றி எழுந்து காட்டினான்.

அடுத்த இரண்டு கோடையும் கீழ்க்கரை தோற்றது. ஒவ்வொரு கோடையிலும் வரிசையின் ஓரத்துக் கூடைகள் குறைந்துகொண்டே வந்தன. மந்திகளுடையதும் பன்றியுடையதும் முதலில் தீர்ந்தன, பிறகு மலையப்பனுடையது. சேந்தனுடைய நான்கும் தீர்ந்த அடுத்த கோடையில், நாரை தொட்டுக்கொண்டு போன ஒவ்வொரு கூடைக்குப் பின்னாலும் மறுநாள் ஆடப்போகிற ஒருவர் நின்றார். அந்த வருஷம் கீழ்க்கரைக் குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன.

இன்றைய சுமையைச் சுலபமாக்கிக்கொள்ள அதை நாளையின் தலையில் ஏற்றிவிடுகிறவர், நாளைக்கும் தாமேதான் அதைச் சுமக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.